காப்புக் கட்டிய காரியம்

(திருவிழா நாள்களில் ஆலய மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

திருக்கோயிலில் கொடியேறிவிட்டது. கொடியேறிய பின் எந்தக் காரியமும் நிற்பதில்லை. மழை பெய்தாலும் பூசை நடக்கிறது. பூமாலை வந்து சேரத் தாமதமானாலும் தீபாராதனை குறித்த நாழிகையில் காட்டப்பெறுகிறது. அன்னதானத்திற்குக் காய் நறுக்க விடியற்காலை நான்கு மணிக்கே தாய்மார்கள் மடைப்பள்ளிக்கு வந்துவிடுகிறார்கள். 'இவ்வாண்டுத் தைப்பூசத்தை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம்' என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை. இறைவனுக்கென்று குறித்த நாள் குறித்த நாளேயாகும்.

ஆயின், இதே அன்பர்களின் இல்லங்களுக்குச் சென்று அலமாரியைத் திறந்து பார்த்தால் வேறொரு காட்சியைக் காணலாம். பாதி நிரப்பிய பாரங்கள் கிடக்கும். மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய தேதி கடந்துபோன அட்டை கிடக்கும். பாட்டனார் பெயரிலேயே இன்னும் இருக்கும் நிலப்பட்டா கிடக்கும். கேட்டால், 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்னும் விடையே கிடைக்கும்.

கோயில் காரியத்தில் ஒரு நாழிகையும் தவறாத மனிதர், தம் வீட்டுக் காரியத்தில் பத்தாண்டுகளைத் தவறவிடுவது ஏன்? இதற்கு விடை காண முற்படுவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

பீமன் முழக்கிய முரசு

மகாபாரதத்தோடு சேர்த்துப் பெரியோர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை ஒன்றுண்டு. தருமபுத்திரர் அரசு வீற்றிருந்த காலத்தில், மாலை நேரத்தில் ஏழை ஒருவன் பொருள் வேண்டி அவர்முன் வந்து நின்றான். அரசுப் பணியில் ஆழ்ந்திருந்த தருமர், 'நாளை வா, தருகிறேன்' என்று சொல்லியனுப்பினார். அருகில் இருந்த பீமன் ஒன்றும் பேசாமல் எழுந்து சென்று, வெற்றி முரசை எடுத்து முழக்கத் தொடங்கினான். எந்த நாட்டை வென்றோம் என்று அனைவரும் ஓடிவந்து கேட்டனர். 'என் அண்ணன் காலத்தையே வென்றுவிட்டார். தாம் நாளை இருப்பார் என்றும், இரந்தவனும் நாளை இருப்பான் என்றும், கொடுக்கும் பொருளும் கொடுக்கும் மனமும் நாளையும் மாறாமல் இருக்கும் என்றும் உறுதி கூறிவிட்டார். இதைவிடப் பெரிய வெற்றி உண்டோ?' என்றான் பீமன். தருமர் நாணி, ஏழையைத் திரும்ப அழைத்து அப்போதே ஈந்தார்.

இக்கதையில் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. காலந்தாழ்த்தியவர் சோம்பேறி அல்லர், கெட்டவரும் அல்லர். அறத்தின் வடிவாகிய தருமரே ஆவார். ஆகவே, தள்ளிப்போடும் குணம் நல்லவர்களையும் உழைப்பாளிகளையுமே பற்றிக்கொள்ளும் குணம் என்பது தெளிவாகிறது.

சோம்பல் வேறு, தள்ளிப்போடுதல் வேறு

திருவள்ளுவர் மடியின்மை என்னும் பெயரில் ஓர் அதிகாரமே அமைத்தார். அதில் ஒரு குறளில் கெடுவதற்கென்றே வாழ்பவர் விரும்பி ஏறும் மரக்கலங்கள் என நான்கு குணங்களைக் குறிப்பிடுகிறார். காலத்தை நீட்டித்தல் அவற்றுள் ஒன்று, மறதி ஒன்று, சோம்பல் ஒன்று, உறக்கம் ஒன்று. நீட்டித்தலையும் சோம்பலையும் அவர் ஒன்றாகக் கருதாமல் தனித்தனியே எண்ணியிருப்பது சிந்திக்கத்தக்கது.

சோம்பேறி எந்த வேலையும் செய்யமாட்டான். தள்ளிப்போடுபவரோ, ஒரு வேலையைச் செய்யாதிருக்கும்பொருட்டு ஒன்பது வேலைகளைச் செய்வார். சேமநிதிப் பாரத்தை நிரப்ப உட்கார்ந்தவர், திடீரென்று எழுந்து காரைக் கழுவுவார். சாமி மேடையைத் துடைப்பார். பழைய நாளிதழ்களைக் கட்டி வைப்பார். மாலையில் உடல் களைத்திருக்கும். பாரம் மட்டும் மேசைமேல் அப்படியே இருக்கும்.

இந்நூற்றாண்டில் உளவியல் அறிஞர்கள் இக்குணத்தைக் கூர்ந்து ஆராய்ந்துள்ளனர். கனடாவின் கால்கரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியர்ஸ் ஸ்டீல் அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2007ஆம் ஆண்டில் ஒரு பெருங்கட்டுரை வெளியிட்டார். செய்யவேண்டிய வேலை மனத்திற்கு எந்த அளவு கசப்பாக இருக்கிறதோ, அதன் பயன் எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, தன்னால் முடியும் என்னும் நம்பிக்கை எவ்வளவு குறைவாக இருக்கிறதோ, அந்த அளவுக்குத் தள்ளிப்போடுதல் மிகும் என்பது அதன் சாரம். பின்னர் வந்த ஃபியூஷியா சிராய், டிமதி பிச்சில் முதலியோர், மனிதர் வேலையைக் கண்டு ஓடுவதில்லை, அவ்வேலை எழுப்பும் மன உணர்ச்சியைக் கண்டே ஓடுகின்றனர் என்று விளக்கினர்.

இக்கருத்தை அன்றாட வாழ்வில் பொருத்திப் பார்த்தால் உண்மை விளங்கும். உயில் எழுதாதவருக்கு எழுத நேரம் இல்லாமல் இல்லை. உயில் என்றதும் சாவு நினைவுக்கு வருகிறது; அந்நினைவை அவர் விரும்புவதில்லை. இரத்தப் பரிசோதனைக்குச் செல்லாத அம்மையாருக்கு மருத்துவமனை தொலைவில் இல்லை. முடிவு என்னவாக வருமோ என்னும் அச்சமே தொலைவை உண்டாக்குகிறது. ஐந்தாண்டுகளாகத் தம்பியோடு பேசாத அண்ணனுக்குத் தொலைபேசி எண் தெரியாமல் இல்லை. முதற்சொல்லை எப்படித் தொடங்குவது என்னும் கூச்சமே நாக்கைக் கட்டிப்போடுகிறது. இவர்களை நோக்கிச் 'சோம்பேறி' என்று ஏசுவதால் பயனில்லை. ஏச்சு அந்தக் கசப்பை மேலும் கூட்டும். கசப்பு கூடக் கூட ஓட்டமும் கூடும்.

அலை ஓய்ந்த பிறகு கடலாடலாம் என்று கரையில் காத்திருந்தவனைப் பற்றிய பழமொழி நம்மிடம் உண்டு. மனம் தெளிந்த பிறகு செய்யலாம், கையில் நேரம் நிறைய வந்த பிறகு செய்யலாம் என்பவரும் அவ்வாறு காத்திருப்பவரே. நேரம் நிறைய வந்தால் வேலை முடிந்துவிடும் என்பதும் மெய்யன்று. இதை உலகறியச் செய்தவர் இம்மண்ணில் வாழ்ந்தவர். 1950களில் சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக விளங்கிய நார்த்கோட் பார்க்கின்சன், 1955இல் இலண்டன் 'எக்கானமிஸ்ட்' இதழில் எழுதிய கட்டுரையில், ஒரு வேலைக்கு எவ்வளவு காலம் ஒதுக்கினாலும் அது அவ்வளவையும் விழுங்கிவிடும் என்று காட்டினார். வேறு பணி ஏதுமற்ற மூதாட்டி ஒருவர், ஓர் அஞ்சலட்டை எழுதி அனுப்ப ஒருநாள் முழுவதையும் செலவிடுவதை அவர் எடுத்துக்காட்டாகக் கூறினார். பணி ஓய்வு பெற்றபின் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துவேன் என்போர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தாளில் உறங்கும் வாழ்வு

தள்ளிப்போடுதலால் வரும் கேடு பெரும்பாலும் தள்ளிப்போட்டவரைச் சேர்வதில்லை. அவர் பிள்ளைகளையே சேர்கிறது. இவ்வுண்மையை நம் சமுதாயம் மிகுந்த விலை கொடுத்துக் கற்றுள்ளது.

1957 ஆகஸ்டு 31ஆம் நாள் மலாயா விடுதலை பெற்றபோது, குடியுரிமைக்கு விண்ணப்பிப்போர்க்கு மொழித் தேர்வில் ஓராண்டுக் காலச் சலுகை வழங்கப்பட்டிருந்தது. துன் வீ.தி. சம்பந்தன் போன்ற தலைவர்கள் தோட்டந்தோறும் சென்று, குடியுரிமைப் பத்திரம் பெறுமாறு தொழிலாளரிடம் வலியுறுத்தினர். பலர் பெற்றனர், பலர் பெறவில்லை. 1968ஆம் ஆண்டில் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1969ஆம் ஆண்டுக்குப் பின் அது நடைமுறைக்கு வந்தபோது, குடியுரிமை அற்றோர் வேலை பார்க்க அனுமதிப் பத்திரம் பெறவேண்டியதாயிற்று. அக்காலத்தில் ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் வேலையிழந்து, கப்பலேறி இந்தியா திரும்பினர் என்பது வரலாறு. பால்மரக் காட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், கண்டறியாத ஊருக்குப் பெற்றோரோடு சென்றனர்.

இதன் பழி முழுவதையும் அத்தொழிலாளர் தலையில் சுமத்துவது அறமாகாது. பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிறப்பைக் காட்டும் சான்று கையில் இல்லை. அலுவலகம் பல மைல் தொலைவில். ஒருநாள் வேலைக்குச் செல்லாவிடில் ஒருநாட் கூலி போய்விடும். ஆயினும், எழுத்தறிவும் வாகனமும் கைத்தொலைபேசியும் உடைய இன்றைய தலைமுறைக்கு அந்தக் காரணங்கள் பொருந்தா. பாட்டன் இயலாமையால் விட்டதைப் பேரன் தயக்கத்தால் விடலாகாது.

திருமணப் பதிவை எடுத்துக்கொள்ளலாம். மலேசியாவில் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இசுலாமியர் அல்லாதார் திருமணங்கள் முறையாகப் பதிவு செய்யப்பட வேண்டும். சிங்கப்பூரிலும் 1961ஆம் ஆண்டு மாதர் சாசனம் இத்தகைய ஒழுங்கை வகுத்தது. அக்கினி சாட்சியாகத் தாலி கட்டியாகிவிட்டது, ஊரும் உறவும் வாழ்த்திவிட்டன, பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடும் தம்பதியர் இன்றும் உளர். பதிவுச் சான்றிதழ் இல்லாதாரைப் பதிவு இலாகா கணவன் மனைவியாக ஏற்பதில்லை. மலேசியச் சட்டத்தின்படி, பெற்றோர் திருமணம் பதிவாகாத நிலையில் பிறக்கும் பிள்ளை குடியுரிமையில் தாயையே பின்பற்றும். தாய் அயல்நாட்டவராயின், தந்தை இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த குடிமகனாக இருந்தும் பிள்ளை குடியுரிமை பெறுவதில்லை. பின்னர்த் தனியே விண்ணப்பித்து ஆண்டுக்கணக்கில் காத்திருத்தல் வேண்டும். பள்ளியில் சேர்க்கும்போதும், பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்கும்போதும், அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளின் வரிசையில் நிற்க முடியாமல் ஒதுங்கி நிற்கும். பெற்றோர் தள்ளிப்போட்டது ஒரு காலைப்பொழுது. பிள்ளை இழப்பதோ இளமைக்காலம்.

இனி, சொத்தும் சேமநிதியும். உயில் எழுதாமல் ஒருவர் காலமானால், தீபகற்ப மலேசியாவில் 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம் அவருடைய உடைமையைப் பங்கிடும். மனைவியும் மக்களும் பெற்றோரும் உள்ள இந்துவின் சொத்தில் மனைவிக்குக் கால் பங்கு, பெற்றோர்க்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி என்பது அதன் கணக்கு. 'வீடு மனைவிக்கு என்று எல்லார்க்கும் தெரியுமே' என்று அவர் வாழ்நாளெல்லாம் எண்ணியிருக்கலாம். சட்டத்திற்கு அது தெரியாது. திருமணத்திற்கு முன் எழுதிய உயிலோ, திருமணம் ஆனதும் செல்லாததாகிவிடும் என்பதையும் பலர் அறியார்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். பெரியவர் ஓர் அரைக் காணி நிலமும் சிறு வீடும் வைத்துவிட்டுக் காலமானார். ஐந்து பிள்ளைகள். துக்கம் ஆறட்டும் என்று ஓராண்டு விட்டனர். திவசம் முடியட்டும் என்று மறுபடி விட்டனர். பின்னர் மூத்தவரும் காலமானார். இப்போது அவர் மக்கள் மூவரும் பங்காளிகள். ஒருவர் ஆஸ்திரேலியாவில், ஒருவர் பேச்சுவார்த்தை இல்லாமல். மாவட்ட நில அலுவலகத்தில் ஐந்து பேரை வைத்து முடித்திருக்கக்கூடிய காரியத்திற்கு, இன்று ஏழு பேரைத் தேடவேண்டியிருக்கிறது. சிக்கல் பெரியவர் இறந்த அன்று தோன்றியதன்று; ஒவ்வோர் ஆண்டும் ஒரு முடிச்சாக விழுந்து வந்தது.

1951இல் தொடங்கப்பெற்ற மலேசிய ஊழியர் சேமநிதியிலும், 1955இல் தொடங்கப்பெற்ற சிங்கப்பூர் மத்திய சேமநிதியிலும் வாரிசு நியமனம் என்பது ஒரு சிறு பாரம். சிங்கப்பூரில் திருமணம் ஆனதும் பழைய நியமனம் இரத்தாகிவிடும்; புதிதாகச் செய்யவேண்டும். உயிலில் எழுதி வைத்தாலும் மத்திய சேமநிதிப் பணம் அந்த உயிலின்படி செல்வதில்லை. மலேசியாவிலோ பழைய நியமனம் தானாக மாறுவதில்லை. மணமாகாத காலத்தில் அம்மாவின் பெயரைக் கொடுத்தவர், மணமாகி மூன்று பிள்ளைகள் பெற்றபின்னும் அதனைத் திருத்தாமல் விட்டால், மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே அவர் விட்டுச்செல்வது பணமன்று, வழக்கேயாகும்.

உடலும் இவ்வாறே. மலேசியச் சுகாதார அமைச்சு 2019இல் நடத்திய தேசிய ஆய்வில், பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். இந்தியரிடையே இந்நோய் மற்ற இனத்தாரைவிட மிகுதி. காலில் ஆறாத புண் வந்த பிறகு செல்லும் மருத்துவமனைக்கு, புண் வருவதற்குப் பத்தாண்டுகள் முன்பே ஒரு சொட்டு இரத்தம் கொடுக்கச் சென்றிருக்கலாம்.

காப்புக் கட்டுதல் கற்பிக்கும் பாடம்

இவற்றிற்கெல்லாம் மருந்து எங்கே? அம்மருந்து திருக்கோயிலிலேயே இருக்கிறது. கோயில் காரியம் நிற்காமல் நடப்பதற்குப் பக்தி மட்டும் காரணமன்று. முறையும் ஒரு காரணமாகும். அந்த முறையை நான்கு கூறுகளாகக் காணலாம்.

முதற்கூறு, நாளும் இடமும் குறித்தல். 'ஒருநாள் காவடி எடுப்பேன்' என்று நேர்ந்துகொள்பவர் எடுப்பதில்லை. 'வருகிற தைப்பூசத்தன்று பத்துமலையில் எடுப்பேன்' என்று நேர்ந்துகொள்பவரே எடுக்கிறார். ஜெர்மானிய உளவியலார் பீட்டர் கோல்விட்சரும் அவருடன் பணியாற்றியவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு இதனை மெய்ப்பிக்கிறது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஓர் அறிக்கை எழுதி அனுப்புமாறு மாணவரிடம் கேட்டனர். எப்போது, எங்கே அமர்ந்து எழுதுவேன் என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டவருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் எழுதி முடித்தனர். அவ்வாறு குறிக்காதவருள் மூன்றில் ஒரு பங்கினரே முடித்தனர். இரு சாராரும் எழுத விரும்பியவர்களே. ஆகவே, 'சீக்கிரம் உயில் எழுதவேண்டும்' என்பது ஆசை மட்டுமே. 'வருகிற செவ்வாய்க்கிழமை காலைப் பூசை முடிந்து வீடு திரும்பியதும், சாப்பாட்டு மேசையில் அமர்ந்து, சொத்து விவரத்தை ஒரு தாளில் எழுதுவேன்' என்பதே முகூர்த்தம்.

இரண்டாம் கூறு, சிறிதாகத் தொடங்குதல். பெருவிழாவின் தொடக்கம் எத்துணைச் சிறியது! ஒரு பந்தற்கால் நடுகிறார்கள்; பாலிகையில் ஒரு கைப்பிடி நவதானியம் தெளிக்கிறார்கள். அவ்வளவே. பத்துமலையில் 272 படிகள் உள்ளன. அடிவாரத்தில் நின்று 272ஐயும் ஒருசேர நோக்குபவருக்குக் கால் தளரும். ஏறுபவர் நோக்குவது அடுத்த படியைத்தான். தேர் இழுத்தவர்கள் அறிவார்கள்: நின்ற தேரை அசைக்கத்தான் முழுவலிமையும் வேண்டும். சக்கரம் ஒருமுறை உருண்டுவிட்டால் வடம் கைக்கு இலேசாகிறது. அதுபோல, தொடங்கிய வேலையின் கசப்பு, தொடங்காத வேலையின் கசப்பைவிட எப்போதும் குறைவு. பாரத்தில் பெயரும் அடையாள அட்டை எண்ணும் மட்டும் இன்று எழுதினால் போதும். நாளை அது வெற்றுப் பாரமன்று, தொடங்கிய பாரம்.

சிறிதாகத் தொடங்குவதன் ஆற்றலுக்கு இந்நாட்டிலேயே சான்று உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வீடிழந்த காலத்தில், 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பெற்றது. பால்வெட்டும் தொழிலாளிக்குத் தோட்டம் வாங்கும் வசதி ஏது? ஆயினும், பத்துப் பத்து வெள்ளியாகத் தவணை செலுத்திப் பங்கு சேர்த்தனர். 1961இல் கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் உடைமையாயிற்று. கையில் பெருந்தொகை வரட்டும் என்று காத்திருந்தால் அது நடந்திருக்குமா?

மூன்றாம் கூறு, பலர் அறியச் செய்தல். காப்புக் கயிறு மெல்லிய மஞ்சள் நூல்தான். ஆனால், அதைக் கையில் கட்டியவரைக் காண்போர் எல்லாரும் இவர் விரதத்தில் இருக்கிறார் என்று அறிவர். வீட்டார் அதற்கேற்பச் சமைப்பர். நண்பர் வேறு விருந்துக்கு அழைக்கமாட்டார். மனம் தளரும் வேளையில் அந்த நூல் நினைவூட்டும். அவ்வாறே, தள்ளிப்போட்ட காரியத்தையும் மனத்திற்குள் பூட்டி வைக்காமல் ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும். கணவர் மனைவியிடம் சொல்லலாம். மகள் தாயிடம், 'அம்மா, வியாழக்கிழமை உங்களை நானே கிளினிக்கிற்கு அழைத்துப் போகிறேன்' என்று சொல்லலாம். அச்சம் தனிமையில் வளரும், துணையிருந்தால் தேயும். வடம் பிடிக்கப் பல கைகள் வேண்டும் என்று வைத்த முன்னோர் காரணமின்றி வைக்கவில்லை.

நான்காம் கூறு, பிராயச்சித்தம். விரதம் ஒருநாள் தவறிவிடுவதுண்டு. பூசையில் குறை நேர்வதுண்டு. அதற்காகக் கோயிலைப் பூட்டிவிடுவார் உண்டோ? பிராயச்சித்தம் செய்து மறுநாட் பூசையைத் தொடர்வதே ஆகம நெறி. தள்ளிப்போடுவோர் பலர், 'இத்தனை ஆண்டு விட்டுவிட்டோமே, இனி எந்த முகத்தோடு போய்க் கேட்பது' என்னும் வெட்கத்தாலேயே மேலும் தள்ளிப்போடுகின்றனர். 2010இல் கனடாவில் நடந்த ஓர் ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தம்மைத்தாமே மன்னித்துக்கொண்ட மாணவர், அடுத்த தேர்வுக்குத் தள்ளிப்போடுவது குறைந்ததாகக் கண்டனர். பதிவு அலுவலக முகப்பில் அமர்ந்திருக்கும் அலுவலருக்கு, தாமதமாக வந்தவர்கள் புதியவர்களல்லர், நாள்தோறும் பார்ப்பவர்களே. அவர் கேட்கப்போவது பத்திரங்களைத்தான்; முகத்தை அன்று. தாமதமாக வந்தவருக்கு வழி உண்டு. வராதவருக்குத்தான் வழியில்லை.

தள்ளிப்போடத் தக்கவை

எல்லாவற்றையும் உடனே செய்தல் வேண்டும் என்பதும் பொருளன்று. வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், பொறுத்துச் செய்யத்தக்கதைப் பொறுத்துச் செய்க என்றும், தாமதமின்றிச் செய்யவேண்டியதைத் தாமதிக்கலாகாது என்றும் இரண்டையும் பிரித்துரைக்கிறார். கோபத்தில் எழுதும் கடிதம் ஒருநாள் பொறுக்கலாம். ஊரார் மெச்சத் திருமணத்திற்கு வாங்கும் கடன் நன்றாகவே பொறுக்கலாம். மனிதரோ பல நேரங்களில் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர். ஏச்சும் பேச்சும் அக்கணமே வந்துவிடுகின்றன. மன்னிப்பு மட்டும் பத்தாண்டு தாமதமாகிறது. கடன் பாரம் அன்றே நிரப்பப்படுகிறது. வாரிசுப் பாரம் அலமாரியில் உறங்குகிறது.

எது பொறுக்கும், எது பொறுக்காது என்பதை அறிய எளிய வழி ஒன்றுண்டு. 'இதைச் செய்யாமலே கண்மூடிவிட்டால் யார் அழுவார்?' என்று ஒருவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். விடையாக ஒரு முகம் தோன்றினால், அந்தக் காரியத்திற்கு இன்றே நாள் குறித்தல் வேண்டும்.

நிறைவாக

அன்பர்களே! கொடியேற்றம் ஆகிவிட்டது, கொடியிறக்கத்திற்கு இன்னும் சில நாள்கள் உள்ளன. இவ்விடைக்காலத்தில் ஒவ்வொரு குடும்பமும் ஒரே ஒரு காரியத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். பத்து வேண்டா, ஒன்றே போதும். அது பதிவு செய்யாத திருமணமாக இருக்கலாம். மாற்றாத வாரிசுப் பெயராக இருக்கலாம். பார்க்காத இரத்தப் பரிசோதனையாக இருக்கலாம். பேசாத உடன்பிறப்பாகவும் இருக்கலாம். அதற்கு நாளும் நேரமும் குறித்து, முதற்படியை இன்றிரவே வைத்து, ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அதுவே அக்காரியத்திற்குக் கட்டிய காப்பு.

ஆலயங்களும் இதில் கைகொடுக்கலாம். விழா முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அன்னதானக் கூடத்தில் நான்கு மேசைகள் போட்டு, எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்களை அமர்த்தி, பாரம் நிரப்பத் தயங்கும் முதியோருக்கு உதவினால், அதுவும் திருப்பணியே. கோபுரத்திற்குச் சுண்ணாம்பு பூசுதல் இறைவனுக்குச் செய்யும் பணி. பேரப்பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் எடுத்துக் கொடுத்தல், அந்தக் கோபுரத்தின்கீழ் நாளை வந்து நிற்கப்போகும் அடியாருக்குச் செய்யும் பணி.

தருமர் அன்று திரும்ப அழைத்த ஏழைக்கு அன்றே பொருள் கிடைத்தது. பீமன் முரசு முழக்கியிராவிட்டால் அவன் வெறுங்கையோடு போயிருப்பான். இன்று கோயில் முரசும் நாகசுரமும் நாள்தோறும் ஒலிக்கின்றன. அவற்றின் ஒலியில் ஒவ்வொருவரும் தமக்குரிய காரியத்தை நினைவுகூர்ந்து, குறித்த நாளில் முடித்து, மக்களும் சுற்றமும் மகிழ்ந்து வாழ எல்லாம் வல்ல இறைவன் திருவருள் பாலிப்பானாக!